ஐந்தாம் வருட பில்

2020 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை ஹுண்டாய் கிரெட்டா எஸ்.யூ.வி. விற்பனைக்கு வந்தபோது, ஒரே காருக்கு நான்கு விதமான கியர்பாக்ஸ்கள் கிடைத்தன. கையால் மாற்றும் மேனுவல், 1.5 லிட்டர் பெட்ரோலுக்கு சி.வி.டி., 1.5 லிட்டர் டீசலுக்கு டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், 1.4 லிட்டர் டர்போ பெட்ரோலுக்கு டூயல் கிளட்ச் கொண்ட டி.சி.டி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கார்தான். ஷோரூமில் விலை, மைலேஜ், சன்ரூஃப் பற்றித்தான் பேச்சு நடக்கும். எந்த கியர்பாக்ஸ் எந்த ரோட்டுக்கு ஒத்துவரும் என்று கேட்பவர்கள் குறைவு.

அந்தக் கேள்விக்கான பதில் ஒர்க்ஷாப்பில் கிடைக்கிறது. வாரண்டி முடிந்து, கார் ஐந்தாம் வருடத்தைத் தொடும்போது வரும் பில், பெரும்பாலும் வாங்கிய அன்றே பாதி எழுதப்பட்டுவிட்டது. அண்ணாநகரிலிருந்து தரமணிக்கு தினமும் ஊர்ந்து போகிறவருக்கும், மாதம் நாலு தடவை மதுரைக்கு ஓட்டுகிறவருக்கும் ஒரே இன்ஜினும் ஒரே கியரும் சரிப்பட்டு வராது. அதைச் சொல்லி விற்பனை செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. வாங்குகிறவர்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

டி.சி.டி.யை எடுத்துக்கொள்வோம். இதில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய கியர்களுக்கு ஒரு கிளட்ச். இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொன்று. ஒரு கியரில் ஓடும்போதே அடுத்த கியர் தயாராக நிற்பதால், மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். ஆனால் இந்த அளவு கார்களில் வருவது பெரும்பாலும் டிரை கிளட்ச். எண்ணெயில் மூழ்கியிருக்காது, காற்றுதான் அதைக் குளிர்விக்க வேண்டும். டிராஃபிக்கில் கார் அடி அடியாக நகரும்போது இந்தக் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்தால் சூடேறுவது போலத்தான் அதுவும். கத்திப்பாராவில் மே மாதப் பகலில் அரை மணி நேரம் இப்படி நகர்ந்தால், கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்துங்கள் என்ற எச்சரிக்கை மீட்டர் திரையில் வரலாம். ஒரு தடவை வந்தால் பயப்பட வேண்டாம். நிறுத்தி ஆறவிட்டால் போதும். அடிக்கடி வந்தால் கிளட்சின் ஆயுள் கரைகிறது என்று அர்த்தம்.

டூயல் கிளட்ச் செட் மாற்ற 80,000 ரூபாயிலிருந்து லட்சத்துக்கு மேலும் ஆகலாம். அதே காரின் மேனுவலில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் சேர்த்து, லேபரோடு 12,000 முதல் 25,000 ரூபாய்க்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். (இங்கே சொல்லும் தொகைகள் எல்லாம் தோராயமானவை. ஊர், மாடல், கம்பெனி சர்வீஸா வெளி மெக்கானிக்கா என்பதைப் பொறுத்து நிறையவே மாறும். எது சிறு செலவு, எது பெருஞ்செலவு என்று புரிந்துகொள்ள மட்டும் இவை போதும்.)

டி.சி.டி. வைத்திருப்பவர் செய்ய வேண்டியது சிக்கலானது அல்ல. முன்னால் போகும் வண்டி ஒரு அடி நகர்ந்ததும் தானும் ஒரு அடி நகராமல், ஒரு கார் நீளம் இடம் கிடைத்த பிறகு சரியாக எடுத்து, நின்றால் பிரேக்கை முழுதாக மிதிக்க வேண்டும். பாலத்தின் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு காரைத் தாங்கி நிறுத்துவதைக் கட்டாயம் விட வேண்டும். அது நேராக கிளட்சை எரிக்கும் வேலை.

நகர நெரிசலுக்கு நான்கில் மிகப் பொறுமையானது டார்க் கன்வர்ட்டர். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே திரவம்தான் சுழன்று விசையைக் கடத்துகிறது. ஊர்ந்து போனாலும் தேய்வதற்கு அங்கே பிளேட் உரசல் இல்லை. சி.வி.டி.யில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே உலோக பெல்ட் ஓடுகிறது. நிதானமாக ஓட்டினால் அதுவும் நெடுநாள் உழைக்கும். இந்த இரண்டுக்கும் உயிர் அவற்றின் எண்ணெய்தான். ஆட்டோமேட்டிக் எண்ணெயை மாற்றவே வேண்டாம் என்று சில இடங்களில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஓனர்ஸ் மேனுவலைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை இருக்கும். கடுமையான ஓட்டத்துக்கு என்று அதில் தனி அட்டவணை உண்டு. ஹுண்டாயின் மேனுவல்களில் அந்தக் கடுமையான ஓட்டங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது, 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் நெரிசலான சாலையில் ஓட்டுவது. சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் ஓடும் எந்தக் கார் அந்தக் கணக்கில் வராது? எண்ணெய் மாற்ற 6,000 முதல் 12,000 ரூபாய் ஆகும். கியர்பாக்ஸைப் பிரித்து வேலை பார்க்க நேர்ந்தால் லட்சத்தில்தான் பேச்சு.

கியருக்கு அடுத்து எரிபொருள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் அமலுக்கு வந்தன. அதோடு இந்த ரக டீசல் கார்களின் சைலன்சர் வரிசையில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி நிரந்தரமாகக் குடியேறியது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும், தானே சுமார் 600 டிகிரி வரை சூடேறி அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். அது ஒழுங்காக நடக்க வேண்டுமானால் கார் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும்.

பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, காய்கறி வாங்கி, மூன்று கிலோமீட்டரில் வீடு திரும்பும் கார் அந்த வேகத்தைக் காண்பதே இல்லை. எரிக்கத் தொடங்கி பாதியிலேயே இன்ஜின் அணைக்கப்படுகிறது. கரி சேர்ந்துகொண்டே போகிறது. ஒருநாள் மீட்டரில் டி.பி.எஃப். விளக்கு எரியும். அந்த நேரத்தில்கூட ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில், 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இருபத்தைந்து நிமிடம் போல நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். அதையும் கவனிக்காமல் விட்டால், இன்ஜின் வேகம் எடுக்க மறுக்கும். ஸ்கேனரில் பி2463 என்ற குறியீடு வரும், கரி அளவு மீறிவிட்டது என்று பொருள். அப்போது ஒர்க்ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டி வலுக்கட்டாயமாக எரிக்க வைப்பார்கள், சில ஆயிரம் ரூபாயில் முடியும். அதுவும் பலிக்காமல் வடிகட்டியையே மாற்ற நேர்ந்தால் லட்சம் ரூபாய்க்குக் குறையாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரீஜெனரேஷனுக்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். பாதியில் நின்றுபோன ரீஜெனரேஷன்கள் அதிகமானால் டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாது, ஏறும். ஆயில் கூடியிருக்கிறதே, நல்லதுதானே என்று நினைக்கக்கூடாது. நீர்த்துப்போன ஆயில் டர்போவின் பேரிங்கையும் கிராங்கையும் காப்பாற்றாது. டீசல் எஸ்.யூ.வி. வைத்திருப்பவர் மாதம் ஒரு முறை பானட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்ப்பது, கார் கழுவுவதைவிட முக்கியமான வேலை. மாதம் ஐநூறு கிலோமீட்டர்கூட ஓட்டாத ஒரு நகரவாசி, மைலேஜை மட்டும் நம்பி டீசல் வாங்குவதற்கு இன்று எந்த நியாயமும் கிடையாது.

பழைய டீசல் எஸ்.யூ.வி. வாங்குகிறவர்களுக்குக் கவலை வேறு. 2012 ஜூலையில் ஒரகடம் ஆலையிலிருந்து வந்த ரெனோ டஸ்டர், இந்த ரகக் கார்களுக்கு இந்தியாவில் சந்தை உண்டு என்று காட்டிய கார். பி.எஸ்.6 வந்ததும் அதன் டீசல் நின்றது. 2022-ல் அந்தத் தலைமுறையே நிறுத்தப்பட்டது. ஆனாலும் அந்த 1.5 லிட்டர் டீசல் டஸ்டர்கள் இன்றும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஏராளம். பள்ளம் மேட்டில் அதன் சஸ்பென்ஷன் போகும் அழகுக்காகவே தேடி வாங்குகிறார்கள்.

அந்த இன்ஜினில் டைமிங் செயின் இல்லை, ரப்பர் பெல்ட்தான். அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். ஹெட்டைப் பிரித்தே ஆக வேண்டும். ரப்பர் என்பதால் கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயதாகும். பத்து வருடக் கார், வெறும் அறுபதாயிரம்தான் ஓடியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, பெல்ட் எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா என்பதுதான். பதில் இல்லாவிட்டால் மாற்றிவிட வேண்டும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். 10,000 முதல் 20,000 ரூபாய்க்குள் முடியும். அறுந்த பிறகு ஆகும் செலவு, காரின் மறுவிற்பனை மதிப்பில் பெரும்பங்கைத் தின்றுவிடக்கூடும்.

டஸ்டரில் இன்னொன்றும் மெக்கானிக்குகளுக்குப் பழக்கப்பட்டது. கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே நின்றுவிடும், மேலே வராது. கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இல்லை. கியர்பாக்ஸ் கூட்டுக்குள், ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அதில் சீல் கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்கினால்தான் கை எட்டும். "அண்ணே, பாக்ஸ் எறக்கியாச்சு, பிளேட்டையும் பாத்துருவோம்" என்று மெக்கானிக் சொன்னால் அது பில்லைக் கூட்டும் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். இறக்கி ஏற்றுகிற லேபர் ஒன்றுதான். பிளேட் பாதி தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுவது லாபம். மாற்றாமல் விட்டால் அடுத்த வருடம் அதே லேபரை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

டர்போ விஷயத்தில் மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்பது நல்லது. கார் இழுக்கவில்லை, ஸ்கேனரில் பி0299 வருகிறது. டர்போவிலிருந்து வர வேண்டிய காற்றழுத்தம் குறைவு என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அந்தக் குறியீடு சொல்லவில்லை. ஆனால் எஸ்டிமேட்டில் 40,000 முதல் 80,000 ரூபாய் வரை டர்போவின் விலை ஏறிவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் இன்டர்கூலர் ஹோஸைத் தடவிப் பார்ப்பார். வளைவின் அடிப்பக்கத்தில் விரலில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால், அந்த இடத்தில் கீறல் இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் காதைக் கொடுத்தால் 'உஸ்' என்று காற்று கசிவது கேட்கும். ஹோஸ் மாற்ற ஐயாயிரத்துக்குள் முடிந்துபோகலாம். ஸ்கேனர் சந்தேகத்தைத்தான் காட்டும். எது கெட்டது என்று தீர்மானிக்க மனிதர் குனிந்து பார்த்தாக வேண்டும்.

சத்தமும் அப்படித்தான், நிறையச் சொல்லும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது மட்டும் 'கட கட' என்றால் பெரும்பாலும் லிங்க் ராட் அல்லது ஸ்ட்ரட் மவுண்ட். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயிண்ட். வேகம் கூடக் கூட உறுமலும் கூடினால் வீல் பேரிங். லிங்க் ராட் ஒன்று ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய். லோயர் ஆர்ம் ஒன்று 2,500 முதல் 5,000. முன்பக்க ஷாக் அப்சார்பர் ஜோடியாக மாற்றினால் பத்தாயிரத்தைத் தாண்டும். எஸ்.யூ.வி. என்பதால் பள்ளத்தில் விட்டாலும் தாங்கும் என்ற நினைப்பு இந்தச் செலவுகளுக்குப் பெரிய காரணம். தரையிலிருந்து உயரம் அதிகம் என்பது உண்மை. அடியில் இருக்கும் புஷ்களும் பால் ஜாயிண்ட்களும் சாதாரணக் காரில் இருப்பவைதான். உயர்ந்த மாடலில் பதினேழு, பதினெட்டு அங்குல வீல் வேறு. ரிம் பெரிதாக ஆக டயரின் பக்கச்சுவர் குட்டையாகும். பள்ளத்தின் அடி நேராக ரிம்மில் விழும். டயர் நான்கும் மாற்றும்போது முப்பத்தைந்தாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் என்பது சாதாரணம்.

தண்ணீரில் இரண்டு கதை உண்டு. ஒன்று உள்ளே ஊற்றும் தண்ணீர். ரேடியேட்டரில் கூலண்ட் குறைந்தால் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் தண்ணீரையோ போர் தண்ணீரையோ ஊற்றிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. நம் ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமும் நிறைந்தது. அது உள்ளே படலமாகப் படிந்து, அலுமினியத்தை அரித்து, வாட்டர் பம்ப்பையும் ரேடியேட்டரையும் கெடுக்கும். கூலண்ட் ஏன் குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை. மூடிய அமைப்பில் அது தானாகக் குறையக் கூடாது. எங்கோ கசிகிறது. வெப்ப முள் மேலே ஏறிய பிறகும் வீடு பக்கம்தானே என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, காஸ்கெட் போகும். கூலண்ட் மாற்ற 1,500 முதல் 3,000 ரூபாய். ஹெட் வேலைக்கு அரை லட்சமும் அதற்கு மேலும்.

இன்னொன்று வெளியிலிருந்து வரும் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய கார்கள் பலவற்றுக்குப் பெரும் இழப்பு, தண்ணீர் வடிந்த பிறகு நேர்ந்ததுதான். காற்று உறிஞ்சும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் நீர் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், பிஸ்டன் தண்ணீரை அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். மூழ்கிய காரில் சாவியைத் தொடாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டோ செய்து கொண்டுபோவது ஒன்றே வழி. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், இப்படி ஸ்டார்ட் செய்து உண்டான இன்ஜின் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது அரிது; இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்திருக்க வேண்டும். இன்ஜின் வேலை இரண்டு, மூன்று லட்சம் போகக்கூடிய இடத்தில் அந்தப் பிரீமியத்தைத் தவிர்ப்பது வீண் சிக்கனம். வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் எடுக்க வேண்டும்.

இனி பில்லைப் பற்றி. உதிரிபாகம் எங்கே, யார் கையில் கிடைக்கிறது என்பதுதான் பில்லின் அளவை முடிவு செய்கிறது. அசல் உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்து சந்தையை அடைத்துவைத்தார்கள் என்று, 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் வழக்குக்குப் போயின. பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகம் ஒன்றை உருவாக்க 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது. அதற்கான இணையதளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் கீ புரோகிராமிங், ஏ.பி.எஸ். மாட்யூல், கேமரா சரிசெய்தல் போன்ற வேலைகளுக்கு இன்றும் பல மாடல்களில் கம்பெனி வாசலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. முன்கண்ணாடியில் கேமராவும் பம்பரில் ரேடாரும் பொருத்தி வரும் புதிய கார்களில், ஒரு சின்ன மோதலுக்குப் பிறகு அவற்றைத் திரும்ப அளவு பிடிக்க வேண்டும் என்பதால் இந்தச் சார்பு இன்னும் கூடப்போகிறது. கார் வாங்கியவர் தன் காரை எங்கே பழுதுபார்ப்பது என்று தானே தீர்மானிக்க முடியாத நிலை நல்லதல்ல.

ஒரு நிம்மதி, 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. எஸ்டிமேட் வாங்கும்போது பாகத்தின் விலை, லேபர், வரி மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரக் கேட்டால் அந்தக் குறைப்பு உங்கள் பில்லில் வந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதும் உரிமைதான். இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் கோட்டிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன் என்று சர்வீஸ் பில்லில் தானாக ஏறும் வேலைகள், மேனுவலின் பராமரிப்பு அட்டவணையில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாதவற்றை வேண்டாம் என்று சொல்லலாம்.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, காரின் பதினேழு எழுத்து சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, ரீகால் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பது. 2024 பிப்ரவரியில் கிரெட்டா, வெர்னா சி.வி.டி. கார்கள் 7,698-ஐயும், கியா செல்டோஸ் சி.வி.டி. கார்கள் 4,358-ஐயும் அந்த நிறுவனங்கள் திரும்ப அழைத்தன. கியர்பாக்ஸின் மின்சார ஆயில் பம்ப்பைக் கட்டுப்படுத்தும் பாகத்தில் குறை இருக்கலாம் என்பது காரணம். சோதித்து, மாற்றித் தர வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதில்லை. ஆனால் ரீகால் கடிதமும் குறுஞ்செய்தியும் போவது நிறுவனத்தின் பதிவில் இருக்கும் உரிமையாளருக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கியவரின் எண் அங்கே இருக்காது. ஆர்.சி. பெயர் மாற்றிய கையோடு கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிப் பதிந்துகொண்டால், அடுத்த அழைப்பு சரியான ஆளுக்கு வரும்.